ஆர்க்கிட் வளர்க்கத் தெரியாத நூறு ஆண்டுகள்

பெரிய நகரங்களின் பூக்கடைகளில் இப்போதெல்லாம் ஆர்க்கிட் தொட்டிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நீளமான தண்டில் வரிசையாக வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கள். பெயர் ஃபலனாப்சிஸ். கிரேக்க மொழியில் அந்துப்பூச்சி போன்றது என்று பொருள். ஒருமுறை பூத்தால் இரண்டு மூன்று மாதங்கள் கூட வாடாமல் நிற்கும்.

வாங்கி வந்தவர் ஆசையோடு தினமும் தண்ணீர் ஊற்றுவார். சில வாரங்களில் இலை மஞ்சளாகும், வேர் கறுத்து அழுகும், செடி செத்துப்போகும். "ஆர்க்கிட் ரொம்ப மென்மையான செடி, நம்ம கைக்கு வராது" என்று சொல்லித் தொட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தச் செடி காட்டில் வாழ்வது எங்கே? மண்ணே இல்லாத மரக்கிளையில். புயலும் வெயிலும் அடிக்கும், மழை கொட்டும், பிறகு பல நாட்கள் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. இத்தனையையும் தாங்கும் செடி எப்படி மென்மையானதாக இருக்க முடியும்?

இதே தவற்றை, இதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய அளவில் ஐரோப்பா செய்திருக்கிறது. அதற்குக் காடுகள் விலை கொடுத்தன. அந்தக் கதைதான் இது.

முதல் பூ

வெப்பமண்டல ஆர்க்கிட் ஒன்று இங்கிலாந்தில் முதன்முதலில் பூத்தது 1730களில். பீட்டர் காலின்சன் என்ற வணிகர் தாவரங்களின் மேல் பைத்தியமாக இருந்தவர். பஹாமாஸ் தீவுகளிலிருந்து அவருக்கு ஒரு காய்ந்த செடி வந்தது. அதன் கிழங்கில் மட்டும் இன்னும் உயிர் இருப்பதுபோல் தெரிந்தது. சார்லஸ் வேகர் என்ற கடற்படை அதிகாரியின் தோட்டத்தில் அதை நட்டார்கள். அடுத்த கோடையில் ஊதா நிறத்தில் பூத்தது! இன்று அதன் பெயர் பிளெட்டியா பர்ப்யூரியா.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிளெட்டியா மண்ணில் வளரும் ஆர்க்கிட். அதனால்தான் மண்ணில் நட்டும் பிழைத்தது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை மரத்தில் வாழ்பவை. இந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

மரத்தின் மேல் வளர்வதைப் பார்த்தவர்கள் ஆர்க்கிட்டை ஒட்டுண்ணி என்று நினைத்தார்கள். பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள், ஒட்டுண்ணி வேறு, தொற்றுத் தாவரம் வேறு. ஒட்டுண்ணி மரத்தின் சாற்றை உறிஞ்சும். தொற்றுத் தாவரம் மரத்தை உட்காரும் இடமாக மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற திசு இருக்கிறது. மழை பெய்தால் சட்டென்று நீரை உறிஞ்சும், பிறகு காற்றில் காயும். ஈரமாக இருக்கும்போது வேர் பச்சையாகவும், காய்ந்தபின் வெள்ளி நிறமாகவும் தெரிவது இதனால்தான். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேருக்கு நல்லது. எப்போதும் நனைந்தே இருந்தால் காற்றில்லாமல் அழுகிவிடும்.

சூடான கல்லறை

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வெப்பமண்டலச் செடிகளை வளர்க்க "ஸ்டவ்" என்ற கண்ணாடி வீடுகள் இருந்தன. பெயருக்கு ஏற்ற மாதிரி உண்மையிலேயே அடுப்புதான். சுவருக்குள் நெருப்புப் புகை ஓடும் குழாய்கள். தோல் பதனிட்டு மிஞ்சிய ஓக் மரப்பட்டைத் தூளைக் குழியில் கொட்டுவார்கள். அது நொதித்துச் சூடாகும். அந்தச் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைப்பார்கள். அன்னாசி வளர்க்க இது நன்றாக உதவியது. ஆர்க்கிட்டுக்கு இதுவே எமன் ஆனது.

"வெப்பமண்டலம்" என்ற சொல்தான் எல்லாரையும் ஏமாற்றியது. வெப்பமண்டலம் என்றால் எங்கும் கொதிக்கும் வெயில், இருண்ட காடு, ஆவி பறக்கும் ஈரம் என்று லண்டனில் உட்கார்ந்து கற்பனை செய்தார்கள். அதே வெப்பமண்டலத்தில் மலைகள் உண்டு, மலை மேலே பனிமூட்டமும் குளிர்காற்றும் உண்டு என்பதை நினைக்கவில்லை.

ஜான் லிண்ட்லி அந்தக் காலத்தின் மிகப்பெரிய ஆர்க்கிட் அறிஞர். நூற்றுக்கணக்கான ஆர்க்கிட்களுக்குப் பெயர் வைத்தவர். 1830 வாக்கில் அவரும் அதிக வெப்பம், ஆழ்ந்த நிழல், மிகுந்த ஈரம் என்றுதான் பரிந்துரைத்தார். பெரிய மனிதர் சொன்னதால் தோட்டக்காரர்களும் அப்படியே செய்தார்கள். சன்னல்களை இறுக மூடி, இரவு முழுக்க நெருப்பெரித்து, செடிகளை அவித்தார்கள்!

கொதிகலனுக்குக் கரி போடும் இளம் தோட்டத் தொழிலாளிகள் இரவெல்லாம் கண்விழித்து உழைத்தார்கள். அவர்கள் கண்விழித்துக் காத்ததே அந்தச் செடிகளைக் கொன்றுகொண்டிருந்தது.

இதற்கு மாறான முயற்சிகளும் அங்கங்கே நடந்தன. காப்டன் குக்குடன் உலகைச் சுற்றிவந்த ஜோசப் பேங்க்ஸ், தம் தோட்டத்தில் கூடைக்குள் பாசியை வைத்து அதில் ஆர்க்கிட்டைத் தொங்கவிட்டார். அது நன்றாக வளர்ந்தது. மரத்தில் இருப்பதைப் போலவே காற்றோட்டம் கிடைத்ததுதான் காரணம். ஆனால் இப்படிச் செய்தவர்கள் மிகவும் குறைவு.

கேட்லியாவும் பைத்தியமும்

1818ஆம் ஆண்டு வில்லியம் ஸ்வெய்ன்சன் என்ற இயற்கை ஆய்வாளர் பிரேசிலிலிருந்து அனுப்பிய செடிகள் இங்கிலாந்து வந்து சேர்ந்தன. வில்லியம் கேட்லி என்ற வணிகரின் கண்ணாடி வீட்டில் அவற்றில் ஒன்று அதே ஆண்டு நவம்பரில் பூத்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூ, அலை அலையான இதழ். அதுவரை அப்படி ஒன்றை இங்கிலாந்து பார்த்ததில்லை. லிண்ட்லி அதற்குக் கேட்லியா லேபியாட்டா என்று பெயரிட்டார். (வேறு செடிகளைக் கட்டிவந்த குப்பையில் இது தற்செயலாக வந்தது என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் உண்மையல்ல.)

அந்தச் செடி பிரேசிலில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது தெளிவில்லாமல் போனது. ஏறத்தாழ 70 ஆண்டுகள் தேடினார்கள். "தொலைந்த ஆர்க்கிட்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

1833இல் டெவன்ஷயர் கோமகன் ஒரு கண்காட்சியில் வண்ணத்துப்பூச்சி போலிருந்த ஒரு ஆர்க்கிட்டைப் பார்த்து மயங்கினார் என்பார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாத அவர் ஆர்க்கிட் சேர்க்க ஆரம்பித்ததும் மற்ற செல்வந்தர்களும் போட்டிக்கு இறங்கினார்கள். 1835இல் ஜான் கிப்சன் என்ற தம் தோட்டத் தொழிலாளியை இந்தியாவுக்கே அனுப்பினார் கோமகன். கிப்சன் செராப்புஞ்சி வரை போய் காசி மலைகளிலிருந்து ஏராளமான ஆர்க்கிட்களுடன் 1837இல் திரும்பினார். டெண்ட்ரோபியம் டெவோனியானம் என்ற பெயரில் அந்தக் கோமகன் இன்றும் இருக்கிறார்.

கோமகனின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னாளில் லண்டனில் பளிங்கு மாளிகை கட்டிப் புகழ்பெற்றவர் இவர்தான். ஆர்க்கிட் எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் போடக்கூடாது என்று முதலில் உணர்ந்தவர்களில் இவரும் ஒருவர். செடி வந்த ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் தனித்தனி வீடுகள், குறைந்த சூடு, திறந்த சன்னல்கள். செடியின் வேரைக் குளிப்பாட்டாமல் தரையில் நீர் தெளித்துக் காற்றை ஈரமாக வைத்தார். செடிகள் பிழைத்தன!

ஒரு பாட்டிலும் ஒரு கூட்டுப்புழுவும்

வளர்ப்பது ஒரு பிரச்சினை என்றால் கப்பலில் கொண்டுவருவது அதைவிடப் பெரிய பிரச்சினை. உப்புக்காற்று பட்டுச் செடிகள் கருகின. குடிக்கவே நீர் குறைவாக உள்ள கப்பலில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

இதற்கு விடை கண்டவர் நதானியேல் வார்ட் என்ற மருத்துவர். லண்டனின் கிழக்கே, துறைமுகம் பக்கம் அவர் வீடு. கரிப்புகையில் அவர் வளர்த்த பெரணிகள் எல்லாம் செத்துப்போயின. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணுடன் பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியைவிட வேறொன்று அவர் கவனத்தை ஈர்த்தது. பாட்டிலுக்குள் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்திருந்தன. பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. யாரும் நீர் ஊற்றாமலேயே அவை சுமார் நான்கு ஆண்டுகள் உயிருடன் இருந்தன.

1833இல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்கு அனுப்பினார் வார்ட். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து ஆஸ்திரேலியச் செடிகள் அதே பெட்டிகளில் திரும்பி வந்தன. கடும் குளிரும் கடும் வெப்பமும் மாறி மாறி வந்த பல மாதப் பயணத்தை அவையும் தாங்கின.

வார்ட் பெட்டியின் கதை பூவோடு நிற்கவில்லை. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து சுமார் 1,900 ரப்பர் நாற்றுகள் இதே மாதிரிப் பெட்டிகளில்தான் இலங்கைக்கு வந்தன. மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் நாற்றுகள் போயின. அந்த ரப்பர் பெருகி மலேயாவின் தோட்டங்களானபோது அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். ஒரு மருத்துவர் வீட்டுப் பாட்டில், கடல் கடந்த பல்லாயிரம் குடும்பங்களின் தலையெழுத்தில் வந்து கலந்துவிட்டது!

காடு காலியானது

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி வீடு கட்டுவது மலிவானது. 1851இல் பெஞ்சமின் வில்லியம்ஸ் என்ற தோட்டக்காரர் நடுத்தர மக்களுக்கும் ஆர்க்கிட் வளர்ப்பைக் கற்றுத்தரும் கட்டுரைகளை ஒரு தோட்டக்கலை இதழில் எழுதத் தொடங்கினார். மறு ஆண்டே அவை நூலாகவும் வந்தன. ஆசை மாளிகையிலிருந்து சாதாரண வீடுகளுக்கும் இறங்கியது. வரவேற்பறையில் சின்ன வார்ட் பெட்டி வைப்பது நாகரிகம் ஆனது. வீட்டுக்குள் எரிந்த கரிவாயு விளக்கின் நச்சுக்காற்றிலிருந்தும் அந்தப் பெட்டி செடியைக் காத்தது.

தேவை ஏற ஏற, காட்டுக்குள் ஆட்கள் இறங்கினார்கள்.

1850இல் ஜோசப் ஹூக்கர் காசி மலைகளில் நீல நிறப் பூப்பூக்கும் வாண்டா செருலியாவைக் கண்டார். கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவுக்குச் சேகரித்தார். இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவை கொஞ்சமே. இடத்தைத் தெரிந்துகொண்ட இன்னொருவர் ஒரே ஒரு ஆள் சுமையை அனுப்பினார். மோசமான நிலையில் போய்ச் சேர்ந்தும் அது 300 பவுண்டுக்கு விலை போனது. இதை ஹூக்கரே தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அன்று ஓர் ஆங்கிலேய விவசாயக் கூலி ஆண்டு முழுக்க உழைத்தாலும் 25 அல்லது 30 பவுண்டுதான் சம்பாதிக்க முடியும்.

செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் ஃபிரெடரிக் சாண்டர் என்ற வியாபாரி நடத்திய நாற்றங்கால் இதன் உச்சம். உலகெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களை ஒரே நேரத்தில் அவர் வைத்திருந்தார். லட்சக்கணக்கில் செடிகள் வந்து குவிந்தன. அந்த வேட்டைக்காரர்களின் வாழ்க்கையும் சுகமானதல்ல. பல நாற்றங்கால்களுக்காக அலைந்த கஸ்டாவ் வாலிஸ் 1878இல் ஈக்வடாரில் நோயில் இறந்தார். பெனடிக்ட் ரோசல் என்ற செக் நாட்டுக்காரர் விபத்தில் கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக் கொக்கியுடன் காடு காடாகத் திரிந்தார்.

1891இல் ஆல்பர்ட் மில்லிகன் என்ற வேட்டைக்காரர் தம் கொலம்பியா அனுபவங்களை நூலாக எழுதினார். அதில் வரும் ஒரு கணக்கு அதிர வைக்கிறது. இரண்டு மாத வேலையில் சுமார் 10,000 ஓடொன்டோகுளோசம் செடிகள் கிடைத்தன. அதற்காக வெட்டப்பட்ட மரங்கள் சுமார் 4,000!

மரமேறிப் பறிக்க நேரமாகும். மரத்தையே சாய்த்துவிட்டால் வேலை சுலபம். அவ்வளவுதான் காரணம்.

இந்த ஓடொன்டோகுளோசம் ஆண்டிஸ் மலையில் இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே, மேகம் தவழும் குளிர்ந்த காட்டில் வாழ்வது. அதன் உறவுச் செடிகளைப் பழைய அடுப்பு முறையில் வைத்துப் பல ஆண்டுகள் கொன்றார்கள். செத்ததும் மறுபடி காட்டிலிருந்து புதியது வரவழைத்தார்கள். ஜேம்ஸ் பேட்மேன் போன்றவர்கள் 1860களில் குளிர்ந்த வீட்டு முறையை வலியுறுத்திய பிறகுதான் அவை இங்கிலாந்தில் நிலைத்தன. அதாவது, வளர்ப்பவரின் அறியாமைக்கான அபராதத்தைக் காடு கட்டியது.

தூசு போன்ற விதை

சரி, விதை போட்டு வளர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும். சில வகைகளில் ஒரே காயில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் உண்டு. ஆனால் நெல்லிலும் தேங்காயிலும் இருப்பதுபோல முளைக்குச் சோறு போடும் கருவூண் அதில் இல்லை.

1856இல் எக்ஸெட்டரில் இருந்த வீட்ச் நாற்றங்காலில் ஜான் டாமினி என்பவர் இரண்டு கலாந்தே வகைகளைக் கலந்து முதல் கலப்பின ஆர்க்கிட்டைப் பூக்க வைத்தார். இருந்தாலும் அவர் விதைத்த விதைகளில் முளைத்தவை மிகச் சில. ஏன் முளைக்கிறது, ஏன் முளைப்பதில்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

விடையைக் கண்டவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். 1899இல் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது ஃபோன்டேன்ப்ளோ காட்டில், மண்ணில் புதைந்த ஒரு ஆர்க்கிட் காயின் விதைகள் முளைத்திருப்பதைப் பார்த்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லா முளைகளுக்குள்ளும் பூஞ்சை இழைகள்! காட்டில் ஆர்க்கிட் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது பூஞ்சைதான் என்பது புரிந்தது. பெர்னார் 1911இல் 36 வயதிலேயே இறந்துவிட்டார்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் இன்னொரு அடி எடுத்து வைத்தார். பூஞ்சை கொடுப்பது உணவு என்றால், அதை நாமே கொடுத்தால் என்ன? கிருமியில்லாத கண்ணாடிக் குடுவையில் அகர், உப்புச்சத்து, கூடவே சர்க்கரை. பூஞ்சை இல்லாமலேயே விதைகள் முளைத்தன. 1922இல் அதை வெளியிட்டார். கொஞ்சம் சர்க்கரையால், 4,000 மரங்களை வெட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது!

1960இல் பிரான்சின் ஜார்ஜ் மொரெல், செடியின் நுனித் திசுவிலிருந்தே அதே போன்ற செடிகளைப் பெருக்கலாம் என்று காட்டினார். திசு வளர்ப்பு தொழிலானது. தைவானிலும் நெதர்லாந்திலும் ஃபலனாப்சிஸ் தொழிற்சாலைப் பொருள்போல் உற்பத்தியாகிறது. கோமகன்களின் பூ இன்று யார் வீட்டு சன்னலுக்கும் வரும்.

வரலாறு சொல்லும் வளர்ப்பு முறை

இத்தனை ஆண்டுப் பாடத்தையும் ஒரு தொட்டிக்குள் அடக்கிவிடலாம்.

தோட்ட மண் கூடாது. மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு போன்றவற்றில், அடியிலும் பக்கத்திலும் துளையுள்ள தொட்டியில் வைக்க வேண்டும். இது பேங்க்ஸின் கூடை.

காற்று ஓட வேண்டும். காலை வெயில் லேசாகப் படும் சன்னல் நல்லது, உச்சி வெயில் கூடாது. இது பாக்ஸ்டனின் பாடம்.

வேரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பச்சையாக இருந்தால் பொறுக்கலாம், வெள்ளி நிறமானால் நன்றாக நனைத்து முழுவதும் வடியவிடலாம். தட்டில் நீர் தேங்கக் கூடாது.

காட்டில் ஃபலனாப்சிஸ் மரத்திலிருந்து சாய்ந்து தொங்கும், மழைநீர் இலையிடுக்கில் நிற்காமல் வழிந்துவிடும். தொட்டியில் அது நிமிர்ந்து நிற்பதால் குருத்தில் நீர் தேங்கி அழுகும். ஆகவே குருத்தில் நீர் பட்டால் துடைத்துவிட வேண்டும்.

இலை செழிப்பாக இருந்தும் பூக்கவில்லையா? சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான குளிர்ச்சி கிடைத்தால்தான் ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடும். வெப்பமண்டலப் பூவுக்கும் குளிர் வேண்டியிருக்கிறது!

முடியாத கதை

1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை ஆர்க்கிட் குடும்பம் முழுவதன் வர்த்தகத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் வேட்டை நிற்கவில்லை. பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்ற ஆர்க்கிட்டுக்கு 1999இல் பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே சேகரிப்பவர்கள் அதை அது வாழ்ந்த காட்டிலிருந்து ஏறக்குறைய முழுவதுமாக வாரிக்கொண்டு போய்விட்டார்கள். நட்சனின் குடுவை வந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு நடந்தது இது. அப்போது அறியாமை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

டெவன்ஷயர் கோமகனுக்காக பாக்ஸ்டன் கட்டிய மாபெரும் கண்ணாடி வீடு, முதல் உலகப் போரில் கரி கிடைக்காமல் குளிர்ந்து போனது. உள்ளிருந்த செடிகள் மடிந்தன. 1920இல் அதை இடித்தார்கள். எட்டுக் கொதிகலன்கள் எரிந்து காப்பாற்றிய செடிகள், நெருப்பு அணைந்ததும் போய்விட்டன. அவற்றின் உறவுகளோ ஏதோ ஒரு மலைக்காட்டின் கிளையில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக்கொண்டிருந்தன.

ஆர்க்கிட் மென்மையான செடி அல்ல. அதற்கு ஒரு ஊர் உண்டு, அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அதை விசாரிக்காமல் அன்பு காட்டியவர்கள்தான் அதை அதிகம் கொன்றார்கள். அடுத்த முறை தொட்டிக்கு முன்னால் தண்ணீர்க் குவளையுடன் நிற்கும்போது, ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் வேரின் நிறத்தைப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தைக் கற்றுக்கொள்ளத்தான் ஐரோப்பாவுக்கு நூறு ஆண்டுகள் ஆயின.